வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆள்: பல்கலைக்கழகப் பதிப்பகமும் திருகோணமலைப் புத்தகங்களும்

திருகோணமலை நகரத்து அச்சகங்களில் வேலைக்குப் பஞ்சமில்லை. கல்யாணக் கார்ட், கடைகளின் பில் புத்தகம், மரண அறிவித்தல், 31ஆம் நாளுக்கான நினைவு மலர், கும்பாபிஷேக மலர், பாடசாலையின் ஆண்டு மலர், புலமைப்பரிசில் பரீட்சைக்கான மாதிரி வினாத்தாள் என்று ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும். இவற்றுக்கு நடுவே எப்போதாவது ஒரு புத்தகம் வரும். பெரும்பாலும் கவிதைத் தொகுப்பு. சில வேளை ஓர் ஊரின் வரலாறு. சில வேளை, விரிவுரையாளர் ஒருவர் தன் ஆய்வேட்டைத் திருத்தி எழுதிய நூல். அச்சகத்துக்கு மூன்றும் ஒன்றுதான். பென்டிரைவில் கோப்பு வரும், விலை பேசுவார்கள், நாள் குறிப்பார்கள். உள்ளே எழுதியிருப்பது சரியா என்று எவரும் கேட்பதில்லை. கேட்பது அச்சகத்தின் வேலையும் இல்லை.

அப்படியானால் அது யாருடைய வேலை? இந்தக் கேள்விக்கு உலகம் கண்டுபிடித்த விடைகளில் ஒன்றுதான் பல்கலைக்கழகப் பதிப்பகம். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இயங்கத் தொடங்கி கால் நூற்றாண்டு ஆகிறது. 1993இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாக முளைத்து, 2001இல் வளாகமாகத் தரமுயர்ந்தது. வணிகம், தொடர்பாடல், மொழி, கணினி, சித்த மருத்துவம் எல்லாம் படிப்பிக்கப்படுகின்றன. எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், ஊரில் அச்சடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கவேண்டியது என்ன, அது இல்லாவிட்டால் என்ன நடக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன்.

பல்கலைக்கழகப் பதிப்பகம் என்றதும் பலருக்குப் பெரிய இயந்திரங்கள் ஓடும் கட்டடம் மனதில் வரும். உலகின் மிகப் பழைய பதிப்பகம் தொடங்கிய விதத்தைப் பார்த்தால் வேறொன்று தெரியும். 1534இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு அச்சிடும் உரிமைச் சாசனம் கொடுத்தார். எல்லா வகை நூல்களையும் அச்சிடலாம், ஆனால் பல்கலைக்கழக வேந்தரோ அவருடைய பிரதிநிதியோ, அவருடன் மூன்று கலாநிதிகளும் ஒப்புதல் தந்திருக்கவேண்டும் என்பது நிபந்தனை. அந்த உரிமையின் கீழ் முதற்புத்தகம் வெளிவந்தது 1584இல். அதாவது, புத்தகம் ஒன்று வருவதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே அதை வாசித்து ஒப்புதல் தரவேண்டியவர்கள் யார் என்பது எழுதப்பட்டுவிட்டது. இன்றைக்கும் கேம்பிரிட்ஜில் பேராசிரியர்கள் அடங்கிய குழு ஒன்று புத்தகங்களுக்கு ஒப்புதல் தருகிறது. ஒக்ஸ்போர்டில் அதே வேலையைச் செய்யும் குழு உண்டு. அமெரிக்காவின் பல்கலைக்கழகப் பதிப்பகங்களில் ஆசிரியர் குழு கூடித் தீர்மானிக்கிறது. இயந்திரம் போய்விட்டது, குழு நிற்கிறது. ஒக்ஸ்போர்ட் பதிப்பகம் தன் கடைசி அச்சுப் பிரிவையும் 2021இல் மூடிவிட்டது. நூற்றாண்டுகளாக அந்த நகரத்தில் அச்சடித்தவர்கள் இப்போது வெளியாரிடம் கொடுத்து அச்சடிக்கிறார்கள். பதிப்பகம் பதிப்பகமாகவே இருக்கிறது.

அங்கே அன்றாடம் நடப்பது இதுதான். துறைக்கு ஒரு பதிப்பாசிரியர் இருப்பார். அவர் மாநாடுகளுக்குப் போய், யார் என்ன ஆராய்கிறார் என்று மோப்பம் பிடித்து, நூலுக்கான முன்மொழிவைக் கேட்டு வாங்குவார். அது நம்பிக்கை தந்தால், அந்தத் துறையை அறிந்த, நூலாசிரியருக்கு வேண்டியவரும் வேண்டாதவரும் அல்லாத இரண்டு பேருக்குக் கையெழுத்துப்பிரதியை அனுப்புவார். அவர்கள் யார் என்பது பொதுவாக நூலாசிரியருக்குத் தெரியாது. மாதக்கணக்கில் காத்திருந்தபின் அறிக்கை வரும். மூன்றாம் அத்தியாயம் தேவையில்லை, இந்த முடிவுக்கு ஆதாரம் போதாது, இன்னின்ன ஆய்வுகளை நூலாசிரியர் பார்க்கவேயில்லை என்றெல்லாம் இருக்கும். நூலாசிரியர் பதில் எழுதுவார், திருத்துவார், கோபப்படுவார், மறுபடி திருத்துவார். அதற்குப் பிறகே குழு. குழு ஒப்பினால் ஒப்பந்தம், பிரதி செம்மையாக்கம், அச்சுப்படி திருத்தம், சொல்லடைவு. எழுதி முடித்த நாளிலிருந்து புத்தகம் கையில் கிடைக்க ஓராண்டுக்கு மேல் போவது சர்வசாதாரணம். இதைக் கேட்டால் எங்கள் எழுத்தாளர்கள் சிரிப்பார்கள். அடுத்த மாதம் நாலாம் திகதி வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் புக் பண்ணியாயிற்று என்பார்கள்.

மண்டபத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். ஏனென்றால் எங்கள் பக்கத்தில் ஒரு புத்தகத்தின் வரவுசெலவு அங்கேதான் தீர்மானமாகிறது. மங்கல விளக்கேற்றல், தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வெளியீட்டுரை. பிறகு முதற்பிரதி. அதை ஊரின் வர்த்தகர் ஒருவர் பெற்றுக்கொள்வார். அவர் நீட்டும் உறையில் இருப்பது புத்தகத்தின் விலையைப்போல் பல மடங்கு. அடுத்து, சிறப்புப் பிரதி பெறுவோரின் பெயர்கள் ஒவ்வொன்றாக ஒலிவாங்கியில் அழைக்கப்படும். அதிபர்மார், வைத்தியர்கள், கோயில் பரிபாலன சபைத் தலைவர், கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் மைத்துனர். ஒவ்வொருவரும் மேடையேறி, உறையைக் கொடுத்து, புத்தகத்தை வாங்கி, படக்காரரைப் பார்த்து நிற்பார்கள். இவ்வளவும் முடிந்தபின், நூலை மதிப்பிட்டுப் பேசும் நயவுரை. கடைசியில் ஏற்புரை, நன்றியுரை, வாசலில் பற்றிஸும் தேநீரும். வீட்டுக்குப் போய் உறைகளைப் பிரித்து எண்ணினால் அச்சகக் காசு அநேகமாக வந்திருக்கும். மிஞ்சிய பிரதிகள் அலுமாரிக்கு மேலே ஏறும்.

இதை நான் இளப்பமாகச் சொல்லவில்லை. தமிழில் புத்தகம் போடுவதற்கு ஊர் கூடிப் பணம் சேர்ப்பது பழைய வழக்கம். 1887இல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பிரதி வாங்குவதாக முன்கூட்டியே கையொப்பமிட்டவர்களைச் சேர்த்துத்தான் செலவைச் சமாளித்தார். கடைக்காரர் நாற்பது வீதம் கழிவு கேட்கும், விற்ற காசை ஆறு மாதம் கழித்துத் தரும் சந்தையில், ஒரு மாலைப்பொழுதில் போட்ட முதல் திரும்பி வருவது சாதாரண விஷயமா? அந்த மண்டபம் இல்லையென்றால் திருகோணமலையைப் பற்றிய எத்தனையோ நூல்கள் வந்தேயிருக்காது.

ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு கோளாறு உண்டு. புத்தகத்தை முதன்முதலாகக் கூர்ந்து படிப்பவர் நயவுரைகாரர். அவர் படிப்பது அச்சான பிறகு. பேசுவது நூலாசிரியரின் தாய், தகப்பன், படிப்பித்த ஆசிரியர் எல்லாரும் முன்வரிசையில் இருக்கும் சபையில். எண்பதாம் பக்கத்தில் ஆண்டு பிழைத்திருக்கிறது, ஆறாம் அத்தியாயம் வேறொருவர் எழுதியதை அப்படியே தழுவியது என்று அங்கே சொல்ல முடியுமா? சொன்னாலும் என்ன செய்வது, முந்நூறு பிரதியும் கட்டுக்கட்டாக மேசையில் இருக்கிறதே. நல்ல மனிதர்கள் அந்த இடத்தில் இரண்டு குறளைச் சொல்லி, ஆசிரியரின் உழைப்பைப் பாராட்டி, சில அச்சுப்பிழைகள் அடுத்த பதிப்பில் தவிர்க்கப்படவேண்டும் என்று முடித்துக்கொள்வார்கள். அடுத்த பதிப்பு வருவதில்லை. வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒருவர், சொன்னால் பயன் உள்ள ஒரு நேரத்தில், அந்த நூலின் பாதையில் எங்குமே நிற்கவில்லை.

ஐ.எஸ்.பி.என். எண் வாங்கிவிட்டோமே என்பார்கள் சிலர். கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் விண்ணப்பித்தால் அந்த எண் கிடைக்கும். இலங்கைக்கு உரியது 955, பின்னர் சேர்ந்தது 624. அது புத்தகத்தின் அடையாள இலக்கம், அவ்வளவுதான். அதன் கடைசி இலக்கம் கூட மற்றப் பன்னிரண்டு இலக்கங்களைத் தட்டச்சுச் செய்யும்போது பிழை விட்டோமா என்று காட்டுவதற்கானது. உள்ளடக்கத்தைப் பற்றி அது ஒன்றும் பேசாது. அச்சடித்த நூலின் பிரதிகளைத் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கு அனுப்பவேண்டும் என்ற சட்டமும் 19ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. அதுவும் சேமிப்புக்கு, மதிப்பீட்டுக்கு அன்று. பின்னட்டையில் கோட்டுக்குறியைக் கண்டு ஒரு நூலை அங்கீகாரம் பெற்ற நூல் என்று நினைப்பவர்கள் படித்தவர்களிலேயே நிறையப் பேர்.

சரி, செலவு எங்கே போகிறது? தகட்டிலிருந்து அச்சிடும் ஓப்செட் முறையில், 16 பக்கம் கொண்ட தாள் மடிப்பொன்றுக்கு இரண்டு தகடு என்று வைத்துக்கொள்வோம். 240 பக்கப் புத்தகத்துக்கு 15 மடிப்பு, 30 தகடு. நாலு நிற அட்டைக்கு இன்னும் நாலு. நூறு பிரதியானாலும் ஆயிரம் பிரதியானாலும் இந்த 34 தகடும் வேண்டும். அதனால்தான் அச்சகத்தில் வழக்கமாக ஓர் உரையாடல் கேட்கும்.

"சேர், முந்நூறு அடிச்சாலும் ஐந்நூறு அடிச்சாலும் பிளேட் காசு ஒண்டுதான். ஐந்நூறா அடிச்சா ஒண்டின்ர விலை குறையும்."

"அது சரி தம்பி, மிச்ச இருநூறையும் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

அந்தத் தம்பி சொல்வது கணக்கு. சேர் கேட்பதும் கணக்குத்தான். ஆய்வு நூல் ஒன்று உலக அளவிலேயே சில நூறு பிரதிதான் விற்கும். ஆங்கிலத்தில் புகழ்பெற்ற பதிப்பகங்களின் நிலையும் அதுவே. அவை அதைத் தாங்குவது எப்படியென்றால், ஒக்ஸ்போர்ட் அகராதியும் பாடநூலும் ஆங்கிலம் கற்பிக்கும் நூல்களும் விற்றுச் சேர்க்கும் பணம் பின்னால் நிற்கிறது. அந்த வசதி இல்லாத சிறிய பதிப்பகங்களுக்குப் பல்கலைக்கழகம் மானியம் தருகிறது. தராவிட்டால் தள்ளாட்டந்தான். 2019இல் அமெரிக்காவின் பெரும் பணக்காரப் பல்கலைக்கழகங்களில் ஒன்றான ஸ்டான்போர்ட் தன் பதிப்பகத்துக்கான ஆண்டு உதவியை நிறுத்தப் பார்த்து, ஆசிரியர்களின் எதிர்ப்புக்குப் பிறகு இறங்கி வந்தது. அங்கேயே அப்படி.

எங்கள் நாட்டில் தாளே ஒரு கதை. 2022 மார்ச்சில் டொலர் இல்லாமல் தாள் இறக்குமதி நின்றபோது மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போயின, இரண்டு பத்திரிகைகள் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்தின. அதன் பின் தாளின் விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாக ஏறியது. இந்த நிலையில் ஐந்நூறு பிரதி அடித்து அலுமாரிக்கு மேலே வைப்பது துணிச்சலான காரியம். தகடு தேவைப்படாத டிஜிட்டல் அச்சு வந்தபின் ஐம்பது பிரதியும் அடிக்கலாம். ஒரு பிரதியின் அடக்கவிலை கூடும், ஆனால் முடங்கும் பணம் குறையும். ஆய்வு நூலுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை என்பது என் எண்ணம்.

பணத்தைவிட அதிகம் பேசவேண்டியது பிரதி செம்மையாக்கம். அது எங்களிடம் கிட்டத்தட்ட இல்லாத தொழில். புரூஃப் பார்ப்பவர் இருக்கிறார், அவர் எழுத்துப்பிழை பார்ப்பார். செம்மையாக்கம் வேறு. 12ஆம் பக்கத்தில் ஒரு குளத்தின் பரப்பு ஏக்கரிலும் 140ஆம் பக்கத்தில் ஹெக்டயரிலும் வந்து, மாற்றிப் பார்த்தால் பொருந்தாமல் இருப்பதைக் கண்டுபிடிப்பது. அடிக்குறிப்பில் உள்ள ஆண்டும் உசாத்துணைப் பட்டியலில் உள்ள ஆண்டும் வேறுபடுவதைப் பிடிப்பது. ஒரே ஊரின் பெயரை ஒரே நூலில் மூன்று விதமாக எழுதவிடாமல் தடுப்பது. எங்கள் மாவட்டத்தின் பெயரிலேயே 'க்' போடுபவர்களும் போடாதவர்களும் இருக்கிறார்கள். கிலோமீற்றரா கிலோமீட்டரா என்பது இன்னும் முடியாத வழக்கு. பெரிய பதிப்பகங்கள் இவற்றுக்கெல்லாம் நடைக் கையேடு வைத்திருக்கின்றன. சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் 1906இல் அச்சிட்ட கையேடு திருத்தப்பட்டுத் திருத்தப்பட்டு இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. இலங்கைத் தமிழ் ஆய்வு நூலுக்கு என்று எல்லாரும் ஒப்பிக்கொண்ட ஒரு கையேடு வந்தால் அதுவே பெரிய சாதனை.

இதோடு எழுத்துருத் தொல்லை. மூத்த ஆசிரியர்கள் பலர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பழகியவர்கள். அச்சகங்கள் சிலவற்றில் பக்கம் அமைக்கும் பழைய மென்பொருளுக்கும் அதுதான் தோது. இளையவர்கள் கைபேசியில் யுனிகோட்டில் எழுதுகிறார்கள். ஒரே தொகுப்பு நூலுக்கு இரண்டும் வந்து சேரும். ஒன்றை மற்றதாக்கும் மென்பொருளால் மாற்றும்போது நடுவில் வந்த ஆங்கிலச் சொற்களும் சூத்திரங்களும் அடையாளம் தெரியாத தமிழ் எழுத்துகளாகிவிடும். அதை வரிவரியாகப் பார்த்துச் சீர்செய்பவருக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. நூலாசிரியரின் துணைவியார் அல்லது மாணவி செய்கிறார். முன்னுரையில் ஒரு வரி நன்றி கிடைக்கும்.

சித்த மருத்துவத்தை எடுத்துக்கொண்டால் இந்தக் கவனம் எதற்கு என்பது விளங்கும். வளாகத்தில் சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள். ஊரில் பரம்பரை வைத்தியர்களிடம் ஏடுகளும் கையெழுத்துக் கொப்பிகளும் உண்டு. அவற்றைப் பதிப்பிப்பது இந்த மாவட்டத்தின் பல்கலைக்கழகம் செய்யக்கூடிய, வேறு யாரும் செய்யப்போகாத வேலை. ஆனால் அளவுகள் கழஞ்சிலும் பலத்திலும் வராகனெடையிலும் இருக்கும். கழஞ்சு என்பது பலம் என்று அச்சாகிவிட்டால் மருந்தின் அளவு பல மடங்காகிவிடும். சேராங்கொட்டை, பாஷாணங்கள் போன்ற சரக்குகளை நச்சு நீங்கச் சுத்தி செய்யும் முறை ஏட்டில் எங்கோ ஓரிடத்தில் சொல்லப்பட்டு, மற்ற இடங்களில் சொல்லாமல் விடப்பட்டிருக்கும். குருவிடம் படித்தவனுக்கு அது தெரியும், புத்தகத்தைப் பார்த்துச் செய்பவனுக்குத் தெரியாது. இப்படி ஒரு நூலை அந்தத் துறையறிந்த இருவர் வரிக்கு வரி படித்து ஒப்புதல் தராமல் அச்சுக்கு அனுப்புவது விபரீதம். கவிதைத் தொகுப்பில் விழும் பிழையால் யாருக்கும் வயிற்றுப்போக்கு வராது.

வரலாற்று நூலில் வரும் ஆபத்து வேறு மாதிரி. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே வாழும் மாவட்டம் இது. கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று, திரியாய், கந்தளாய், சேருவில என்று எந்த இடத்தைத் தொட்டாலும் அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட உரிமைக் கதைகள் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தார்கள் என்பதில் எல்லாரும் ஒத்துப்போவார்கள். அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று கேட்டால் குரல்கள் உயரும். ஒரு தரப்பு வெளியிடும் நூலை அந்தத் தரப்பு மட்டுமே வாசிக்கிறது, மற்றத் தரப்பு அட்டையைப் பார்த்தே முடிவுக்கு வந்துவிடுகிறது. நூலாசிரியரின் சமூகத்தைச் சேராத, ஆனால் கல்வெட்டு வாசிக்கத் தெரிந்த ஒருவர் அச்சுக்கு முன் அந்த நூலைப் படித்திருக்கிறார், அவருடைய ஆட்சேபங்களுக்கு ஆசிரியர் பதில் சொல்லியிருக்கிறார் என்ற நிலை வந்தால், ஒத்துக்கொள்ளாதவரும் கையில் எடுப்பார். தனியார் பதிப்பகத்துக்கு இதில் அக்கறை இருக்க நியாயமில்லை. பல்கலைக்கழகத்துக்கு இருக்கவேண்டும்.

திருகோணமலையில் பிறந்த தி.த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் தன் மோகனாங்கி நாவலைச் சென்னையில் வெளியிட்டார். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று அதைச் சொல்வார்கள். அவர் அங்கே மாநிலக் கல்லூரியில் கீழைத்தேயச் சுவடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவடியும் அச்சகமும் அறிஞர் கூட்டமும் ஒரே நகரத்தில் இருந்ததால் அது சாத்தியமாயிற்று. பின்னாளில் அதே சென்னையில் பல்கலைக்கழகம் எடுத்த தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதி முயற்சி இன்னொரு பாடம். 1913இல் வேலை தொடங்கியது, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, 1,04,405 சொற்கள். ஒரு லட்சம் ரூபாயில் முடியும் என்று தொடங்கிய வேலை நாலு லட்சத்துக்கு மேல் விழுங்கியது. எந்த வியாபாரி இதற்கு முதல் போட்டிருப்பார்? இலங்கைக்கும் இந்தப் பாரம்பரியம் புதிதன்று. பழைய இலங்கைப் பல்கலைக்கழகம் தன் பதிப்பகத்தின் மூலம் 1959இல் இலங்கை வரலாற்றின் முதல் தொகுதியைக் கொண்டுவந்தது. ஆதரித்தாலும் மறுத்தாலும், அதற்குப் பிறகு எழுதிய எவரும் அதைத் தாண்டிப்போக முடியவில்லை.

பல்கலைக்கழகப் பதிப்பகங்கள் எல்லாம் புனிதமானவை என்று சொல்ல வரவில்லை. 2012இல் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பதிப்பகங்கள் இன்னொரு வணிக நிறுவனத்துடன் சேர்ந்து தில்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும் அதன் வளாகத்திலிருந்த போட்டோக் கொப்பிக் கடை ஒன்றின் மீதும் வழக்குப் போட்டன. மாணவர்களுக்குப் பாடப்பொதி அச்சடித்துக் கொடுத்தது குற்றமாம். 2016 செப்டெம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீடு வேறு திசையில் இழுத்துப் பார்த்து, 2017 மார்ச்சில் பதிப்பகங்களே வழக்கைக் கைவிட்டன. கோணேசபுரி மாணவருக்கு இது தொலைதூரச் செய்தியன்று. பவுண்டில் விலை போட்ட நூலின் இரண்டு அத்தியாயங்களைக் கொப்பி எடுக்காமல் இலங்கையில் பட்டம் முடித்தவர் யார்? அதே 2017 ஓகஸ்டில் கேம்பிரிட்ஜ் பதிப்பகம், சீனாவிலிருந்து வந்த கோரிக்கைக்கு இணங்கி, சைனா குவாட்டர்லி ஆய்விதழின் முந்நூறுக்கு மேற்பட்ட கட்டுரைகளை அந்த நாட்டில் வாசிக்க முடியாதபடி மறைத்தது. உலகெங்கும் ஆய்வாளர்கள் எதிர்த்துக் குரல் கொடுக்க, சில நாட்களிலேயே திரும்பத் திறந்துவிட்டது. அரசு கேட்டால் அச்சான பிறகும் வேண்டாம் என்று மறைக்க முடியும் என்பது அன்று தெரிந்தது. அப்படி மறைப்பதைச் செல்லாமல் ஆக்குவதற்குப் பதிப்பகத்தின் பின்னால் ஆய்வாளர் சமூகம் ஒன்று இருக்கவேண்டும் என்பதும் தெரிந்தது.

விலைப் பிரச்சினைக்கு ஒரு வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. இலண்டனின் யூனிவர்சிட்டி கொலேஜ் 2015இல் தொடங்கிய பதிப்பகம் தன் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது, அச்சுப் பிரதி வேண்டியவர் வாங்கிக்கொள்ளலாம். ஈழத்துத் தமிழ் நூல்களுக்கு நூலகம் நிறுவனம் 2005இலிருந்தே எண்ணிம வடிவில் இடம் கொடுத்து வருகிறது. எங்கள் நினைவு மலர்கள்கூட அங்கே கிடைக்கின்றன. ஆகவே வாசகரிடம் கொண்டுசேர்ப்பது இப்போது பெரிய சிக்கல் இல்லை. அச்சடிப்பதற்கும் நகரத்து அச்சகங்கள் போதும். இல்லாதது நடுவிலிருக்கும் பகுதி: படிப்பதற்கு இருவர், செம்மையாக்க ஒருவர், தீர்மானிக்க ஒரு குழு.

இதில் உண்மையான கஷ்டம் ஆள் தேடுவது. தமிழில் ஆய்வு செய்பவர்களின் உலகம் சிறியது. பெயரை மறைத்து அனுப்பினாலும் இரண்டாம் பக்கத்தில் நடையைப் பார்த்தே யாரென்று தெரிந்துவிடும். படித்தவர் யாரென்பதும் ஒரு வாரத்தில் வெளிவரும். அடுத்த பதவி உயர்வுக் குழுவில் இருவரில் ஒருவர் மற்றவரை நேர்கண்டாலும் ஆச்சரியமில்லை. ஆதலால் வாசிப்பவர்களை வளாகத்துக்குள்ளேயும், முடிந்தால் மாகாணத்துக்குள்ளேயும் தேடக்கூடாது. யாழ்ப்பாணம், பேராதனை, தஞ்சாவூர், சென்னை, புலம்பெயர் நாடுகளின் பல்கலைக்கழகங்கள் என்று வெளியே போகவேண்டும். அவர்களுக்கு ஒரு சிறு தொகையாவது கொடுக்கவேண்டும். சும்மா படித்துத் தாருங்கள் சேர் என்று கேட்டால், அன்பின் பேரில் நாலு வரிப் பாராட்டுத்தான் திரும்பி வரும்.

பதவி உயர்வுக்குப் புத்தகமும் கட்டுரையும் புள்ளி தேடித் தரும் முறையில், தாமதமாகும், திருப்பி அனுப்பவும் கூடும் என்கிற ஒரு பதிப்பகத்துக்கு விரிவுரையாளர்கள் தாமாக வருவார்களா என்ற சந்தேகமும் எனக்கு உண்டு. உங்கள் ஆய்வேட்டை ஒரு மாதத்தில் நூலாக்கித் தருகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் வெளிநாட்டு நிறுவனங்கள் இருக்கின்றன. எதையும் படிக்காமலே ஏற்றுக்கொள்வார்கள். ஒரு முறை உள்ளூர்ப் பதிப்பகத்தின் முத்திரைக்கு மற்றவற்றைவிட அதிக மதிப்பு உண்டு என்று மதிப்பீட்டுக் குழுக்கள் நடந்து காட்டினால், வரிசை தானாக வரும்.

மிச்சமிருப்பது அரச அலுவலக நடைமுறை. அரச பல்கலைக்கழகம் எதை வாங்கினாலும் விலைமனுக் கோரவேண்டும். கதிரை வாங்குவதற்கும் புத்தகம் அடிப்பதற்கும் அதே படிவம், அதே காத்திருப்பு. விற்று வரும் பணம் பொதுக் கணக்கில் போய்ச் சேர்ந்தால் அடுத்த நூலுக்குத் திரும்பவும் முதலிலிருந்து கைநீட்டவேண்டும். அதனால் ஒரு தொகையைச் சுழல் நிதியாக ஒதுக்கி, விற்பனைப் பணம் அதற்குள்ளேயே திரும்பும்படி பல்கலைக்கழகப் பேரவை தீர்மானிக்கவேண்டும். ஆண்டுக்கு இரண்டு நூல் என்று தொடங்கினால் அந்த நிதி பெரிதாக இருக்கத் தேவையில்லை. அச்சுக் கூலிக்கு நிதிப் பிரிவு பழக்கப்பட்டிருக்கிறது. ஒரு வெளியாள் கையெழுத்துப்பிரதியைப் படித்து, இதை வெளியிடவேண்டாம் என்று எழுதித் தருவதற்குக் கொடுக்கும் பணத்தை எந்தச் செலவுத் தலைப்பின் கீழ் போடுவது என்று அங்கே முதலில் கேட்பார்கள்.